நடந்து போகிறவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ரோட்டோரம் அட்டையும் பேனாவுமாக நின்று வண்டி எண்ணுவதுதான் என் தொழில். ட்ராஃபிக் சர்வே என்பார்கள். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். இப்போது ஒரு சின்ன கன்சல்டன்சியில் சர்வே டீமைப் பார்த்துக்கொள்கிறேன். ஜிஎஸ்டி ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஓஎம்ஆர், பைபாஸ் என்று சென்னையில் எங்கே வண்டி தேங்கினாலும் என்றாவது ஒருநாள் எங்கள் ஆட்கள் அங்கே போய் நிற்பார்கள். நின்ற கொஞ்ச நேரத்தில் டீக்கடைக்காரரிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்கள் வரை கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன மேடம், பாலம் வருதா?"

வரலாம், வராமலும் போகலாம். அதை முடிவு செய்வதில் நாங்கள் நிரப்புகிற தாளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலைச் சந்திப்பை மேம்படுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பாலத்தைத்தான் பார்க்கிறார்கள், அதற்கு முன்னால் இருக்கிற தாளை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு நாற்சந்தியில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டியும் நேராகப் போகலாம், இடது திரும்பலாம், வலது திரும்பலாம். நாலு பக்கமும் சேர்த்தால் பன்னிரண்டு வழி. யூ-டர்ன் தனி. ஒவ்வொரு வழிக்கும் எண்ண ஆள் வேண்டும். தாளில் கால் மணி நேரத்துக்கு ஒரு வரிசை. குறுக்கே பைக், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரியில் ஆக்ஸிலைப் பொறுத்து இரண்டு மூன்று வகை, ட்ராக்டர், சைக்கிள், கைவண்டி, மாட்டு வண்டி என்று கட்டங்கள். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிக்க வேண்டும். காலை எட்டரைக்கு மேல் பைக்குக்கு இந்தக் கோடு கட்டுப்படியாகாது. கையில் ஒரு கவுண்டரை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இப்போது பல இடங்களில் கம்பத்தில் கேமரா கட்டிவிடுகிறோம். வீடியோவை ஆபீஸில் ஓடவிட்டு எண்ணுகிறார்கள். ஆனால் கட்டங்கள் அதே கட்டங்கள்தான்.

எண்ணி முடித்த பிறகு எல்லாவற்றையும் பிசியு (பாசஞ்சர் கார் யூனிட்) என்கிற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். ஒரு கார் என்றால் ஒன்று. மற்ற வண்டிகளுக்கு, ரோட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, மற்றவற்றை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதைப் பொறுத்து மதிப்பு. சாலைகளுக்கான வழிகாட்டிகளை வெளியிடுகிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி 64 என்ற வழிகாட்டியில், ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு பைக் 0.5, சைக்கிள் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, கைவண்டி 3, பெரிய மாட்டு வண்டி 8. நகரச் சாலைகளுக்கு ஐஆர்சி 106இல் வேறு எண்கள், ஆனால் யோசனை அதேதான். ஒரு சந்திப்பின் எல்லாப் பக்கத்துப் போக்குவரத்தும் சேர்ந்து மணிக்கு 10,000 பிசியுவைத் தாண்டினால், சிக்னல் போதாது, ஒரு ரோட்டை மேலேயோ கீழேயோ கொண்டுபோகிற கிரேடு செபரேட்டர் பற்றி யோசிக்கலாம் என்பது வழிகாட்டுதல்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பாலத்தின் அகலத்தையும் லேன் எண்ணிக்கையையும் முடிவு செய்ய இப்படி ஓர் அலகு வேண்டும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பேர் ஒரு பஸ்ஸில் வந்தால் அது 3. அதே 60 பேர் ஆளுக்கு ஒரு பைக்கில் வந்தால் 30. அந்த 60 பேரும் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் அடுத்த பஸ் பிடிக்கப் போனால்?

கல்லூரி லீவில் சர்வேக்கு வருகிற பையன்களில் ஒருவன் இதையே வேறு மாதிரி கேட்டான். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, நடந்து போறவங்கள எந்தக் கட்டத்துல போடுறது?" என்றான்.

"அதுக்குத் தனித் தாள்பா. வேலை குடுத்தவங்க கேட்டிருந்தாதான் எடுப்போம்."

"இங்க கேட்டிருக்காங்களா?"

அங்கே கேட்கவில்லை. அதுவோ பள்ளி, ரேஷன் கடை, இரண்டு பக்கமும் பஸ் ஸ்டாப், கொஞ்சம் உள்ளே ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் இருக்கிற சந்திப்பு.

மேம்பாலமே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். பாலம் ஒரு வேலையை நன்றாகச் செய்கிறது. நாலு வழிச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று தொடுகிற இடங்கள் மொத்தம் 32. அதில் எட்டு பிரிகிற இடம், எட்டு வந்து சேர்கிற இடம், மீதி பதினாறும் குறுக்கே வெட்டுகிற இடம். ஆளைக் கொல்லுகிற பக்கவாட்டு மோதல்கள் பெரும்பாலும் இந்தப் பதினாறில்தான் நடக்கின்றன. மூன்று வழிச் சந்திப்பில் மொத்தமே 9தான். நெடுஞ்சாலையில் நேராகப் போகிற லாரியையும் வெளியூர் பஸ்ஸையும் மேலே ஏற்றிவிட்டால் வெட்டுகிற இடங்களில் பல காணாமல் போய்விடும். கீழே சிக்னலுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். 1973இல் ஜெமினியில் நம் ஊரின் முதல் மேம்பாலம் வந்ததிலிருந்து 2022இல் மேடவாக்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பாலம் முழுசாகத் திறந்தது வரை காரணம் இதுதான்.

கத்திப்பாராவை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி ரோடு, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லிக்குப் போகிற ரோடு நாலும் அங்கே வந்து சேர்கின்றன. முன்பு நேரு சிலையோடு ஒரு ரவுண்டானா இருந்தது. 2008இல் நாலு இலை மாதிரி வளையங்கள் கொண்ட க்ளோவர்லீஃப் பாலத்தைத் திறந்தார்கள். அதன் சூட்சுமம் அழகானது. வலது பக்கம் போக வேண்டியவர் யாருடைய பாதையையும் வெட்டாமல், பாலத்தைத் தாண்டிப் போய், இடது பக்கமாக வளையத்தில் சுற்றி, போக வேண்டிய ரோட்டில் வந்து சேர்கிறார். குறுக்கே வெட்டுவது என்பதே கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சங்கடம் உண்டு. ஒரு வளையத்திலிருந்து வெளியே வருகிறவரும் அடுத்த வளையத்துக்குள் போக வேண்டியவரும் ஒரு சின்னத் தூரத்துக்குள் லேன் மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பாஷையில் வீவிங். அந்த இடத்தில் இடது கண்ணாடியைப் பார்க்காமல் பைக் ஓட்டாதீர்கள்.

ஆனால் கத்திப்பாராவில் வண்டிகள் மட்டுமா சேர்கின்றன? தாம்பரம் பக்கத்திலிருந்து வந்து இறங்கி வடபழனிக்கும் போரூருக்கும் பஸ் மாறுகிறவர்கள் எப்போதும் இருந்தார்கள். வளையங்களுக்கு நடுவே கிடந்த இடத்தை எடுத்து, பஸ் நிற்க இடம், நடைபாதை, கடைகள், பார்க்கிங் எல்லாம் போட்டு கத்திப்பாரா நகர்ப்புறச் சதுக்கமாகத் திறந்தது 2021இல். மெட்ரோ நிறுவனம் செய்த நல்ல வேலை அது. ஆனால் பாலத்துக்கும் அதற்கும் நடுவே பதின்மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. அங்கே பஸ் மாறுகிற கூட்டம் 2021இல் திடீரென்று முளைத்ததில்லை.

கிளாம்பாக்கத்திலும் அதே வரிசைதான். 2023 டிசம்பர் 30ஆம் தேதி புதிய பேருந்து முனையம் திறந்தார்கள். அன்றைக்கு ரயில் நிலையமும் தயாராக இல்லை, ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டுவதற்கான ஆகாய நடைபாதையும் இல்லை. ஊருக்குப் போகிற மக்கள் பெட்டியும் குழந்தையுமாக நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றார்கள். வண்டி வந்து போக வழி முதலில், மனிதர் வந்து போக வழி அப்புறம்.

தாம்பரத்துக்குத் தெற்கே ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பாலத்தின் அடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாலம் கட்டியாகிவிட்டது, அதனால் போக்குவரத்து எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கப் போன சர்வே அது. காலை நேரம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு. அதற்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே இரும்பு பேரிகேடு வரிசையாக. ஓர் இடத்தில் மட்டும் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. யாரோ நாள்கணக்கில் வளைத்த வளைவு, பெயிண்ட் உரிந்து கம்பி பளபளவென்று இருக்கிறது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். முதலில் புத்தகப் பையைக் கழற்றி அந்தப் பக்கம் வைத்தாள், பிறகு பக்கவாட்டில் திரும்பித் தானும் நுழைந்தாள், பையை மாட்டிக்கொண்டு வண்டி வருகிற பக்கம் கையைக் காட்டியபடி ஓடினாள். அவளுக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாவோடு ஒருவர். பின்னால் இன்னும் மூன்று பேர். முறைப்படி தாண்டுகிற இடம் பாலம் முடிகிற இடத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாப்போ கீழே, பாலத்தின் நடுப்பகுதிக்கு நேராக. அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர அந்தப் பெண்ணுக்கு முதல் மணி அடித்துவிடும். இவர்களை ஒழுங்கில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்டாப்பையும் தாண்டுகிற இடத்தையும் பிரித்து வைத்த வரைபடம்தான் அந்தக் கம்பியை வளைத்தது.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பாலம் வந்ததில் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். அவர் வேறொன்று சொன்னார்.

"வியாபாரம் கெடக்கு கண்ணு. அந்தப் பக்கம் இருக்கிற கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போவேன். இப்ப போறதே இல்ல. முட்டி ஒத்துழைக்கல, வண்டிக்காரன் நிக்க மாட்றான். இங்கேர்ந்தே கும்பிட்டுக்கிறேன்."

அன்றைக்கு நடப்பவர்களுக்கும் தனித் தாள் வைத்திருந்தோம். அந்தத் தாளிலும் இந்த அம்மா வர மாட்டார். அவர்தான் தாண்டுவதையே விட்டுவிட்டாரே. பாதசாரிகளுக்குக் கடக்கும் வசதி வேண்டுமா என்று பார்க்க ஐஆர்சி 103இல் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு மணி நேரத்தில் தாண்டுகிறவர் எண்ணிக்கையை வண்டி எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவே மீடியன் என்கிற தடுப்புத் திட்டு உள்ள ரோட்டில் அது 20 கோடியைத் தாண்டினால் வசதி வேண்டும். வண்டிகள் அதிகமாக அதிகமாக இந்த எண் ஏறும், அது சரிதான். ஆனால் ரோடு எவ்வளவு பயங்கரமாகிறதோ அவ்வளவுக்குத் தாண்டுகிறவர்கள் குறைவார்கள். முதலில் வயதானவர்கள், பிறகு குழந்தையோடு வருகிற தாய்மார்கள், பிறகு சக்கர நாற்காலிக்காரர்கள். கடைசியில் வேறு வழியே இல்லாதவர்களும் வேகமாக ஓடக்கூடியவர்களும் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களை எண்ணிவிட்டு, 'இங்கே தேவை குறைவு' என்று எழுதுவது பெரிய அநியாயம். எண்ண வேண்டியது தாண்டினவரை மட்டும் இல்லை. ஓரத்தில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஒரு முழ தூரம் இறங்கிவிட்டுத் திரும்பி ஏறுகிறார்கள் என்பதையும்தான்.

சிக்னலில் பச்சை எவ்வளவு நேரம் என்பதிலும் இதே கதை. நடக்கிற வேகத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். எட்டு லேன் நெடுஞ்சாலை, லேன் ஒன்று 3.5 மீட்டர், மீடியனையும் சேர்த்தால் சுமார் 30 மீட்டர். அப்படியானால் 25 விநாடி. பூக்கார அம்மா மாதிரி விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவருக்கு 37 விநாடிக்கு மேல் ஆகும். நடுவில் பச்சை போய்விட்டால் அவர் நிற்க மீடியனில் இடம் வேண்டும். பேரிகேடுக்கும் செடித் தொட்டிக்கும் நடுவே ஒரு அடி இடம் போதாது. குழந்தையோடும் கைப்பையோடும் நான்கு பேர் நிற்கிற மாதிரி, உயரத் திட்டு இல்லாமல், ரோட்டு மட்டத்தில் ஓர் இடம். இதற்குப் பாலத்துக்கு ஆகிற பணத்தில் ஒரு துளிகூட ஆகாது.

ஃப்ரீ லெஃப்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சந்திப்பை மேம்படுத்தும்போது முதலில் செய்கிற வேலை முனையை வெட்டி அகலமாக வளைத்து இடது பக்கம் தடையில்லாமல் திரும்ப விடுவது. வண்டிக்காரருக்கு நிம்மதி. ஆனால் வளைவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகத் திரும்புவார்கள். நடப்பவர் தாண்ட வேண்டிய பாதைகளில், வண்டிகளுக்குச் சிவப்பே விழாத ஒரே பாதை அதுதான். திரும்புகிற லாரியின் ஓட்டுநர் வலது பக்கம் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆள் இறங்குவது இடது பக்கத்தில். வளைவைக் கொஞ்சம் இறுக்கி, தாண்டுகிற இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் வண்டி தானாகவே மெதுவாகும். தண்ணீர் தேங்காமல் கட்டினால் மழைக்காலத்திலும் பிரச்சினை இல்லை. இதை எழுதிக் கொடுத்த ஓர் அறிக்கையில், 'போக்குவரத்து தடைபடும்' என்று மேலே இருந்தவர் அந்தப் பக்கத்தையே எடுக்கச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த முனையில் தடைபடக் கூடாதது எது என்று கேட்க எனக்கு அப்போது இடம் கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாப். சந்திப்பு விபத்துகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை, எனக்கோ இதுதான் முக்கியம். பாலம் வந்ததும் வேகமாகப் போகிற பஸ்கள் மேலே ஏறிவிடும். கீழே இருக்கிற பழைய ஸ்டாப்பில் நிற்காது. ஏறுவதற்கு முன்போ இறங்கின பிறகோ எங்கோ நிறுத்துவார்கள். அந்த இடத்தில் நிழற்குடை இருக்காது, நடைபாதை இருக்காது. பாலத்திலிருந்து வேகமாக இறங்கி வருகிற வண்டிகள் இடது பக்கம் சேர்கிற இடமும் அதுவே. அங்கேதான் பஸ் நிற்கும், பின்னால் ஷேர் ஆட்டோ நிற்கும், அதைச் சுற்றிக்கொண்டு பைக்குகள் வரும். நடுவில் ஜனங்கள் இறங்குவார்கள். தூண் எங்கே வர வேண்டும் என்று சென்டிமீட்டர் கணக்கில் யோசிக்கிற வரைபடத்தில் ஸ்டாப் எங்கே வரும் என்பதற்கு ஒரு புள்ளிகூட இருக்காது. நான் பார்த்த வரைபடங்களில் பலவும் இப்படித்தான்.

விபத்து நடந்த பிறகாவது கணக்கில் வருமா என்றால், வரும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கரும்புள்ளி என்று ஓர் இடத்தைக் குறிப்பதற்கு விதி வைத்திருக்கிறது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருஷத்தில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்து பேர் இறந்திருக்க வேண்டும். குறித்துவிட்டால் பணம் ஒதுக்குவார்கள், சரி செய்வார்கள். விதி வேண்டியதுதான். ஆனால் நாங்கள் ஒருநாள் காலை முழுக்க நின்றால், பிரேக் சத்தம், மயிரிழையில் தப்பினவர், விழுந்து எழுந்து போன பைக்காரர் என்று எத்தனையோ பார்க்கிறோம். எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க அந்த வருஷம் சாலையில் இறந்தவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். பிசியு கணக்கில் ஒரு தசமப் புள்ளிகூட இல்லாதவர்கள் சாவுக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

என் டீமில் இப்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும் நடப்பவர்களுக்கு ஒரு தாள் எடுக்கிறோம். தாண்டினவர்கள், காத்திருந்தவர்கள், திரும்பிப் போனவர்கள் என்று மூன்று கட்டம். வயதானவர், பள்ளிப் பிள்ளை, கைக்குழந்தையோடு வருகிறவர் என்று தனியாகக் குறித்துக்கொள்கிறோம். பஸ் உண்மையில் எங்கே நிற்கிறது என்று ஒரு கைவரைபடமும் வைக்கிறோம். அறிக்கையோடு இணைப்பாகக் கொடுத்துவிடுவேன். சிலர் படிக்கிறார்கள். ஒரு சந்திப்பில் அதைப் பார்த்துவிட்டு இளம் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து, எங்களோடு ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, தாண்டுகிற இடத்தை ஸ்டாப்புக்குப் பக்கத்தில் நகர்த்திக் குறித்துக்கொண்டு போனார். அவரை நான் மறக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுப் பக்கம் பாலமோ சந்திப்பு விரிவாக்கமோ வருகிறது என்று போர்டு வைத்தால், அல்லது என்னைப் போல யாராவது அட்டையோடு நின்றால், திட்ட அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், மத்திய அலுவலகம் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'பாலம் எப்போது முடியும்' என்று மட்டும் கேட்டு அந்தப் பத்து ரூபாயை வீணாக்க வேண்டாம். பாதசாரிக் கணக்கு எடுத்தார்களா, எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பள்ளி நாளிலா விடுமுறையிலா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் நகல் கேளுங்கள். பஸ் ஸ்டாப்பும் தாண்டுகிற இடமும் குறித்த வரைபடத்தையும் கேளுங்கள். இதையெல்லாம் தூணுக்குக் குழி தோண்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போன பிறகு ஒரு ஸ்டாப்பை நூறடி நகர்த்துவதற்குக்கூட புது மதிப்பீடு, புது அனுமதி என்று இழுக்கும்.